ஆற்றங்கரை ஊரிலிருந்து போன உத்தரவு

1

பதுளையில் சிறிய பத்திரிகை ஒன்று நடத்தும் தம்பி ஒருவர் போனில் கேட்டார். "அண்ணே, நீங்க இருக்கிற ஊரப் பத்தி எழுதிக் குடுங்க. எடம் எப்பிடி, சனங்க எப்பிடி, என்ன தொழிலு, எல்லாம் எழுதுங்க." நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கடிதம் எழுதுவேன். வேறு எதுவும் எழுதியதில்லை. அதனால் இதையும் கடிதம் மாதிரியே எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. நான் இங்கே அரசாங்கக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிறவன். என் தங்கச்சி இருக்கும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. இரண்டுக்கும் காரணம் பயம்தான்.

அமெரிக்காவில் வடகிழக்குப் பக்கம். குளிர் தேசம். ஓர் ஆறு மண் நிறத்தில் மெதுவாகப் போகிறது. அதன் மேல் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பாலம். பாலத்தை விட்டு இறங்கினால் ஒரே ஒரு கடைத்தெரு. சுற்றிலும் சோளக் காடு, மாட்டுப் பட்டி. இவ்வளவுதான் ஊர். எங்கள் ஹாலிஎல பஜாரில் பாதிகூட இருக்காது. ஆனால் இதுதான் மாவட்டத்தின் தலைநகர். மாவட்டத்தை இங்கே கவுண்டி என்பார்கள். ஊவா மாகாணத்துக்குப் பதுளை எப்படியோ, இந்தக் கவுண்டிக்கு இந்த ஊர் அப்படி. கோர்ட், கச்சேரி என்கிற அரசாங்க ஆபிஸ், சிறைச்சாலை, காணிப் பதிவு, கல்யாணப் பதிவு, மரணப் பதிவு எல்லாம் இங்கேதான்.

இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கட்டடம் எப்படி வந்தது என்று நானும் கேட்டேன். ஒரு காலத்தில் சாமான் எல்லாம் படகில் வந்ததாம். படகு நிற்கிற துறை இதுதானாம். அப்போது கட்டிய கோர்ட். பிறகு ரயில் வேறு வழியாகப் போனது. கடைகளும் ஆட்களும் ரயில் போன பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய டவுன்காரர்கள் கோர்ட்டையும் கேட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வழக்கு நாள். அன்றைக்குக் கார் நிறுத்த இடம் இருக்காது. புருசன் பெண்சாதி வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, வாடகை வழக்கு. படிக்கட்டில் நின்று சிகரெட் குடிப்பார்கள். சில பேர் அழுவார்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு அடுத்த செவ்வாய் வரைக்கும் ஆறு ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

கட்டடத்தின் நிலவறைக்குப் போகும் படிச்சுவரில் கோடுகள் போட்டிருக்கிறார்கள். எந்த வருசம் ஆறு எதுவரை ஏறியது என்று. ஒரு கோடு என் இடுப்புக்கு. ஒரு கோடு என் தலைக்கு மேல். முன்பு காணி உறுதிப் பத்திரங்களும் பதிவுப் புத்தகங்களும் நிலவறையில் இருந்தன. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் மேல் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காகிதம் மேலே ஏறிவிட்டது. ஆற்றை ஒட்டிய தெருவில் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்களும் அந்தத் தெருவில்தான்.

2

நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். கொழும்பில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல்காரனாக இருந்தேன். அவர்கள் ஊர் திரும்பும்போது என்னையும் என் மனைவி ராணியையும் கூட்டிவந்தார்கள். இது அந்த வீட்டு அம்மாவின் சொந்த ஊர். அந்த அம்மா செத்துப்போனார். நாங்கள் நின்றுவிட்டோம். ராணி வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் சமைக்கிறாள். நான் கோர்ட்டில் துடைக்கிறேன். இந்த மழை மாதத்தோடு இருபத்தொரு வருசம்.

விடிவதற்கு முன்னால் கதவைத் திறப்பது நான்தான். காரிடார், கக்கூஸ், வழக்கு மண்டபம், நீதவானின் படிக்கட்டு. எட்டு மணிக்கு ஆட்கள் வருவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும்.

வந்த புதிதில் ஒரு விசயம் செய்தேன். தோட்டத்தில் மேனேஜர் தொரை நடந்து வந்தால் நாம் பாதையை விட்டுக் கானுக்குள், பக்கத்து வாய்க்காலுக்குள், இறங்கி நிற்போம் இல்லையா? நீதவான் வரும்போது நானும் அப்படியே பாதையை விட்டு இறங்கினேன். கான் இல்லை. பூப்பாத்திதான் இருந்தது. மூன்று மாதம் தினமும் பூப்பாத்தியில் நின்றேன். கடைசியில் தோட்டக்காரன் வந்து சத்தம் போட்டான். "யாருடா என் பூவை மிதிக்கிறது?" நீதவான் ஆபிசில் இருந்த பெண்பிள்ளையிடம் கேட்டாராம், அந்த மனிதர் என்னைக் கண்டு ஏன் பயப்படுகிறார் என்று. நல்ல மனிதர். நான் இப்போது இறங்குவதில்லை. ஆனால் கால் இன்னமும் ஒரு பக்கம் சாயும்.

எங்கள் மகள் தர்ஷினி இங்கே பிறந்தவள். பதினேழு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். தோட்டத்து ஆட்கள் இருக்கிற லயம் என்றால் என்ன என்று ஒரு தடவை படம் கீறிக் காட்டினேன். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். பார்த்துவிட்டு, "மோட்டல் மாதிரியா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் என்னைக் கோர்ட்டில் கொண்டுவந்து விடுவது அவள்தான். வண்டிக்குள் இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம்.

3

இப்போது எழுதப்போவதை முதலில் எழுதியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா, நான், தங்கச்சி பாக்கியம், கடைசித் தம்பி. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் போகிற அளவு. ஒரு வாரத்தில் கால் போகிற அளவு. லயத்து ஆம்பளைகள் சேர்ந்து ஒபிசுக்குப் போனோம். அங்கே இருந்தவர், "தொர வரட்டும், பாத்துச் சொல்லுவாரு" என்றார். திரும்பி வந்து காத்திருந்தோம்.

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. ஓடிப்போக வேண்டியதுதானே என்பார்கள். நாங்கள் இருந்த காம்பரா எங்களுடையது இல்லை. அந்த ஒரு அறையும் அடுப்படியும் தோட்டத்துக்குச் சொந்தம். சொல்லாமல் விட்டுப் போனால் வேறு குடும்பத்தை உள்ளே விட்டுவிடுவார்கள். செக்ரோலில், வேலைப் பதிவில், பெயர் வெட்டுப்படும். வேலைக்குப் போகவும் உத்தரவு, வேலை விட்டு வரவும் உத்தரவு. உயிருக்குப் பயந்து ஓடுவதற்கும் ஒரு உத்தரவு வரும் என்று இருந்தோம்.

நாலாம் நாள் காலை மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலிக்கு நான் வாளியோடு போனேன். வாளி நிரம்பவில்லை. சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது.

பாக்கியத்தின் கை மட்டும் வெளியே தெரிந்தது. இழுத்தோம். உயிர் இருந்தது. அப்பாவும் தம்பியும் மறுநாள்தான் கிடைத்தார்கள்.

எங்களை யாரும் பிடித்து வைக்கவில்லை. கேட் பூட்டியிருக்கவில்லை. போங்க என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

4

போன வசந்தத்தில் இங்கே ஆறு ஏறியது. பனிக்காலத்தில் ஆறு உறைந்து கல் மாதிரி ஆகிவிடும். வெயில் வந்ததும் உடைந்து பாளம் பாளமாக மிதந்து வரும். இந்தத் தடவை பாளம் எல்லாம் வந்து பாலத்தில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் எங்கள் தெருப் பக்கம் திரும்பியது.

ஷெரீப்பின் ஆள் கைல் கதவைத் தட்டினான். ஷெரீப் என்றால் கவுண்டியின் போலீஸ் பெரியவர். கைலை எனக்குத் தெரியும். கோர்ட் வாசலில் நிற்கிற பையன், சிவப்புத் தாடி. ஆனாலும் சட்டையில் போலீஸ் பேட்ஜைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டேன்.

"சார், தண்ணி வருது. நீங்க போறது நல்லது" என்றான்.

"இது உத்தரவா?"

"இல்ல சார். உங்க விருப்பம்."

"நீங்க போகச் சொன்னா போறேன்."

"அப்பிடிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல சார். பெரியவங்க இன்னும் கையெழுத்துப் போடல."

நான் வாசலில் நின்றேன். தெரு முனையில் தண்ணீர் வந்துவிட்டது. ராணி பையைக் கட்டி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். தர்ஷினி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, கமான்!" என்று கத்துகிறாள். எனக்குக் கால் வரவில்லை. கையெழுத்து வரட்டும் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் அதே நினைப்பு.

கைல் ஒரு காகிதத்தை எடுத்தான். "நீங்க இருக்கிறதா இருந்தா ஒரு பேர் எழுதிக் குடுங்க சார். ஒங்களுக்கு ஏதாவது ஆனா நாங்க யாருக்குச் சொல்லணும்?"

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில்தான். அதற்கு வெளியே பாக்கியம் ஒருத்திதான். தோட்டத்து ஒபிசுக்கு என் சாவுச் செய்தி போகும். யாராவது ஆள் அனுப்பி அவளை மலையிலிருந்து கூப்பிடுவார்கள். அவள் கூடையோடு இறங்கி வருவாள். அது கண்ணில் தெரிந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு காரில் ஏறினேன்.

தண்ணீர் எங்கள் வீட்டில் முழங்கால் வரை வந்தது. உத்தரவு பின்னேரம் வந்தது என்று சொன்னார்கள்.

5

பாக்கியம் இப்போது ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள். அவள் புருசன் முத்தையா மச்சானுக்குக் கால் சரியில்லை. மகனும் மருமகளும் கொழும்பில் வேலை. இரண்டு பேரப்பிள்ளைகள் பாக்கியத்திடம்.

இந்தக் கார்த்திகையில் அங்கே மழை விடவில்லை. இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே மாலை நாலரை. அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நேரம். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசுவேன்.

"சொவரு வெடிச்சிருக்குண்ணே. அடுப்படிப் பக்கம்."

"எவ்வளவு?"

"கைய வுட்டா போவுது."

"மேல மலையப் பாத்தியா?"

"பக்கத்துக் காம்பராக்காரரு போய்ப் பாத்தாரு. மேலயும் கோடு மாதிரி இருக்காம். பீலித் தண்ணி செவப்பா வருது."

"பாக்கியம், புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பு."

"எங்க போறது? காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டா? போன மாசந்தான் ரெண்டு குடும்பம் காம்பரா கேட்டு ஒபிசுல நின்னுச்சு."

"சங்கத் தலைவர் என்ன சொல்றாரு?"

"தொர சொல்லட்டும்ங்கிறாரு."

"தொர?"

"கொழும்புக்குப் போயிருக்காராம்."

பின்னால் முத்தையா மச்சான் குரல் கேட்டது. "ஒங்கண்ணன அமெரிக்காவுல இருந்து மலையப் புடிச்சிக்கச் சொல்லு!" பிள்ளைகள் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தாள். மண்ணுக்குள்ளிருந்து இழுத்த அதே பாக்கியம். தனக்கு அது ஞாபகம் இல்லை என்று சொல்லுவாள். நான் கேட்பதில்லை.

மறுநாள் நானே தோட்டத்து ஒபிசுக்குப் போன் போட்டேன். நம்பரை மச்சான் கொடுத்தார். ஒரு ஐயா எடுத்தார். நான் விசயத்தைச் சொன்னேன்.

"யாரு பேசுறது?"

"ஆறாம் நம்பர் லயத்துப் பாக்கியத்தோட அண்ணங்க."

"வெளிநாட்டுலயா இருக்க? அங்க இருந்துக்கிட்டு இங்க பயங்காட்டாத. எங்களுக்குத் தெரியும் எப்ப என்ன செய்யணும்னு."

"சரிங்கய்யா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

சரிங்கய்யா. கோர்ட் கட்டடத்தின் நடுவில் நின்று, அந்தக் குரலுக்கு நான் முதுகையும் வளைத்திருந்தேன். என் முன்னால் ஈரத் தரை. அதில் என் உருவம் வளைந்து தெரிந்தது.

6

அடுத்த நாள் காலை வண்டியில் தர்ஷினி கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று. சொன்னேன். இங்கிலீசும் தமிழுமாகச் சொன்னேன். இந்த முறை மோட்டல் என்று சொல்லவில்லை. அப்பாவையும் தம்பியையும் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அதுவரை அது தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"அத்தை வெளிய போக யார் சொல்லணும்?"

"தொர."

"அவர் இல்லன்னா?"

"ஒபிசுல ஒரு ஐயா இருக்காரு."

"நம்பர் குடுங்க."

"வேணாம் பாப்பா. வம்பு."

"அப்பா. நம்பர்."

கோர்ட் கீழ் மண்டபத்தில் நின்று போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். நான் கதவைப் பூட்டிவிட்டு, மேலே இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேசியது இங்கிலீசு. எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

"குட் ஆஃப்டர்நூன். நான் அமெரிக்காவிலிருந்து பேசுகிறேன்." கவுண்டியின் பெயரைச் சொன்னாள். "கோர்ட் கட்டடத்திலிருந்து."

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். "யெஸ் மேடம்." முந்தின நாள் என்னிடம் பேசிய அதே ஐயாதான். குரல் வேறாக இருந்தது.

"ஆறாம் இலக்க லயத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஒரு நிமிசம் மேடம்." காகிதம் புரட்டுகிற சத்தம். சொன்னார். அவள் என் துடைப்பத்து வாளியின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதினாள். பள்ளிக்கூடத்து நோட்டு.

"மலையில் வெடிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டோம் மேடம்."

"அவர்களை வெளியேற்றி விட்டீர்களா?"

"இன்னும் இல்லை மேடம். மேலிடத்திலிருந்து..."

"சரி. உங்கள் முழுப் பெயர்? பதவி? எழுதிக்கொள்கிறேன்."

பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றால் நம் ஆட்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஐயாவும் நம் ஆள்தானே. அவருக்கு மேலேயும் ஒரு ஐயா இருப்பார். பாவம், மெல்லச் சொன்னார்.

"நன்றி. இன்னும் ஒன்று. அவர்கள் அங்கேயே இருப்பதாக இருந்தால், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் எனக்குத் தேவை. அவர்கள் இறந்துபோனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

கைல் என்னிடம் கேட்ட அதே கேள்வி. தர்ஷினி காருக்குள் இருந்து கேட்டிருக்கிறாள்.

"மேடம், நீங்கள் எந்த அமைச்சிலிருந்து பேசுகிறீர்கள்?"

"எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலிலேயே சொன்னேன்."

"யெஸ் மேடம். இப்பவே மேனேஜருக்கு அறிவிக்கிறேன் மேடம்."

போனை வைத்தாள். தரையில், நான் துடைத்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பொய் சொல்லல அப்பா" என்றாள். தமிழில் சொன்னாள்.

"இல்ல பாப்பா. சொல்லல."

"ஜெயிலுக்குப் போவோமா?"

சிறைச்சாலை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால்தான். நாற்பது அடி இருக்கும். எனக்கும் தெரியாது.

7

ஒரு மணி நேரத்தில் பாக்கியம் போன் செய்தாள். பின்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிப்பதை, லயம் லயமாக ஆட்களைக் கூப்பிட அடித்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணே, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம்! இப்பவே! வெளிநாட்டுக் கோர்ட்டுல இருந்து ஓடர் வந்திருக்காம்."

"அப்பிடியா?"

"ஐ.நா. சபைன்னு சொல்றாங்க. ஒரு வெள்ளக்காரி பேசுனாளாம். வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுனாளாம். ஒபிஸ் ஐயா வேர்த்துப் போயி வந்து நிக்கிறாரு. ஒன் மச்சான் வெள்ளச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டாரு."

"அது எதுக்கு?"

"வெள்ளக்காரங்க வந்து பாப்பாங்களாம்ல!"

நான் அன்று மாலை வீட்டில் அதைச் சொல்லி நன்றாகச் சிரித்தேன். ராணியும் சிரித்தாள். எங்கள் வெள்ளைக்காரி மேசையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள்தான் அந்தச் சிரிப்பு.

அடுத்த நாளிலிருந்து பயம் பிடித்தது. தபால் பெட்டியைத் திறக்கவில்லை. எந்த உறையில் அரசாங்க முத்திரை இருக்குமோ என்று. ராணி திறந்து கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். கரண்டு பில், கடை விளம்பரம். கோர்ட்டில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாளியைத் தட்டிவிடுவேன். மேல் மாடிக்குப் போய் என்ன என்று கேட்டால் பல்பு மாற்ற வேண்டுமாம்.

பள்ளிக்கூடத்தில் பாக்கியம் குடும்பத்துக்கு மூன்றாம் வகுப்பு அறை. நாலு குடும்பம் ஒரு அறையில். சோறு கொடுத்தார்கள். பேரப்பிள்ளைக்குச் சளி. மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. மலை அப்படியே நின்றது. லயமும் நின்றது.

தர்ஷினி தினமும் வண்டியில் கேட்பாள், "அத்தை வீடு விழுந்துச்சா?"

"இல்ல."

ஆறாம் நாள் கேட்டாள், "இன்னும் விழலையா?"

கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கேட்டதுதான் என் மனதிலும் ஓடியது. இரண்டு நாளாக ஓடியது. விழுந்துவிட்டால் நாம் செய்தது சரி. அந்த அறைகளில் நம் சனங்களின் அரிசி இருக்கிறது, சாமி படம் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து இருக்கிறது. அது எல்லாம் மண்ணுக்குள் போகட்டும் என்று நான் இங்கே இருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவையும் தம்பியையும் கொண்டுபோன மலையிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆற்றுக்கும் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் நான் பயந்தது ஒன்றும் பெரிதில்லை. என்னைக் கண்டு எனக்கு வந்த பயம்தான் பெரிது.

8

எட்டாம் நாள் பாக்கியத்திடம் உண்மையைச் சொன்னேன். அவள் காம்பராவுக்குத் திரும்பிப் போகப்போகிறேன் என்றாள், பயந்தது யார் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று சொன்னேன்.

"வெள்ளக்காரி இல்ல பாக்கியம். தர்ஷினி."

"நம்ம தர்ஷினியா?"

"ஆமா."

"அப்ப ஓடரு?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல. நான்தான் நம்பர் குடுத்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போல. எழுந்து வெளியே போகிற சத்தம் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லாத. ஒபிஸ் ஐயாவுக்குத் தெரிஞ்சா நம்மள விடமாட்டாரு" என்றாள். பிறகு, "அன்னிக்கு நமக்கும் இப்பிடி யாராச்சும் சொல்லியிருந்தா அப்பா போயிருப்பாருண்ணே" என்றாள்.

ஞாபகம் இல்லை என்று இத்தனை வருசம் சொன்னவள்.

மழை விட்டதும் மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காம்பராவுக்குத் திரும்பிவிட்டன. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து படித்தார்களாம். பாக்கியம் வீட்டார் கோயில் பக்கத்து மடுவத்துக்கு மாறியிருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகை அது. மூன்று பக்கம்தான் மறைப்பு. பாக்கியம் அங்கிருந்தே வேலைக்குப் போகிறாள். பிள்ளைக்கு இருமல் கூடியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் காம்பராவுக்கு வராவிட்டால் கேட்டு நிற்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஒபிசில் சொல்லிவிட்டார்கள். மச்சான் என்னோடு பேசுவதில்லை. மலைக்குப் போய்ப் பார்த்த ஒருவர் வெடிப்பில் தண்ணீர் நிற்கிறது என்கிறார். இன்னொருவர் அது பழைய வெடிப்பு, முப்பது வருசமாக இருக்கிறது என்கிறார். இன்றைக்கு மறுபடியும் மழை என்று ரேடியோவில் சொன்னார்களாம்.

நான் மலையைப் பார்க்கவில்லை. படம் அனுப்பினார்கள். பச்சையாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பாக்கியம் கூப்பிட்டாள்.

"அண்ணே, திங்கக்கெழமதான் கடைசி. காம்பராவுக்குப் போயிரவா, இங்கயே இருக்கவா? நீ சொல்லு."

"அங்க இருக்கிறவங்க என்ன சொல்றாங்க?"

"அவங்கள வுடு. நீ சொன்னா இருக்கோம். நீ சொன்னா போறோம்."

"காம்பரா போயிருமே."

"போனா போவுது. நீ சொல்லு."

ஆற்றின் சத்தம் கேட்டது. கதவு பூட்டியிருந்தது, இருந்தும் கேட்டது. அந்தக் காலத்தில் தொரை என்று ஒருவர் பங்களாவில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் மலைக்குக் கீழே காத்திருந்தோம். அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது என்று முதல் தடவையாக நினைத்தேன்.

"மடுவத்துலயே இரு" என்றேன்.

"சரிண்ணே" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. மலையைப் பார்க்காமல்தான் நானும் சொன்னேன். இருந்தாலும் அவள் கேட்டிருக்கலாம்.